போர் தண்ணி உப்பு, பை மேல வெள்ளைப் படிவு: மழைக்கு முன்னாடி மாடித்தோட்டத்தை என்ன செய்யணும்?

தண்டையார்பேட்டை மாடி
புரட்டாசி 8, காலை

எல்லாருக்கும் வணக்கம். இடம் வடசென்னையில் தண்டையார்பேட்டை, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள. கான்கிரீட் மொட்டை மாடி, காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 4 வரைக்கும் நேர் வெயில். 12-க்கு 12 அங்குலப் பை 18, கீரைக்கு 24-க்கு 9 பை 4. கலவை கோகோபீட் பாதி, மண்புழு உரம் கால், செம்மண் கால்.

போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1900. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) 300, ஆனா செடிக்குன்னு ஒரு நாளைக்கு 15 லிட்டர்தான் ஒதுக்க முடியும். மொத்தத் தேவை தினம் சுமார் 30 லிட்டர். இதுவரைக்கும் முழுக்கப் போர் தண்ணிதான் ஊத்தியிருக்கேன்.

ஆடி மூணாம் வாரம் நட்டது: ‘பிகேஎம் 1’ ரகத் தக்காளி ஆறு பை, கத்தரி 4, மிளகாய் 3, வெண்டை 3, பந்தல் அவரை 2. இப்போ நிலைமை இது. தக்காளியில் அடி இலைகள் நுனியிலிருந்து ஓரமா கருகி மொறுமொறுன்னு ஆகுது. பூ காம்போட உதிருது. பிடிச்ச ஏழெட்டுக் காயில் மூணு, அடிப்பக்கம் கறுத்து உள்ள அமுங்கியிருக்கு. மிளகாய் இலை மேல் பக்கமா படகு மாதிரி சுருளுது. வெண்டையில் ஒரு செடி முழுக்க நரம்பெல்லாம் மஞ்சள். அவரை பந்தல் முழுக்கப் படர்ந்தாச்சு, ஒரு பூ இல்லை. எல்லாப் பையிலும் மேல்மண்ணில் வெள்ளைப் படிவு.

எதைப் பிடுங்கணும், எதை விடணும்? மழைக்காலத்துக்கும் தை வரைக்கும் என்ன போடலாம், எப்போ? மழையிலிருந்து பைகளைத் தார்ப்பாய் போட்டு மூடணுமா?

—

உப்புக்காத்து (திருவொற்றியூர்)
புரட்டாசி 8, மதியம்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். மூடாதீங்க. நம்ம பக்கத்துல மழைதான் பையைக் கழுவித் தரும். இதுவரைக்கும் ஊத்தின போர் தண்ணியின் உப்பெல்லாம் பைக்குள்ளேயே தங்கியிருக்கு. செடி தண்ணியை மட்டும் உறிஞ்சும், வெயில் தண்ணியை மட்டும் ஆவியாக்கும், உப்பு அப்படியே நிக்கும். 1900 டிடிஎஸ் தண்ணியை அடியில் கொஞ்சம் வழியுற மாதிரி ஊத்தினாலே வேர் இருக்கிற இடத்தில் அது ஒன்றரை மடங்கு ஆயிடும். வழியாம அளந்து ஊத்தினா மூணு மடங்குக்கும் போகும். தக்காளியின் இலை ஓரக் கருகலுக்குக் காரணம் அதுதான், நோய் கிடையாது. மருந்து அடிச்சுக் காசைக் கரைக்காதீங்க.

பைக்குள்ள எவ்வளவு உப்பு இருக்குன்னு அளந்து பார்த்துடலாம். காலையில் பையை நல்லா நனைச்சு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் கால் லிட்டர் மெட்ரோ வாட்டரை மேல சுத்தி ஊத்தி, அடி ஓட்டையில் வர்ற முதல் 100 மில்லியை டம்ளரில் பிடிச்சு அதே டிடிஎஸ் மீட்டரை விடுங்க. 1500-க்குள்ள இருந்தா தக்காளி, கத்தரி ஓடும். 2500 தாண்டினா காய் எதிர்பார்க்க வேண்டாம். 4000-க்கு மேல கொத்தவரை மாதிரி சிலது தவிர எதுவும் தேறாது.

வெள்ளைப் படிவையும் சோதிக்கணும். ஒரு சிட்டிகை சுரண்டி அது மேல எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்க. நுரைச்சுப் பொங்கினா சுண்ணாம்பு, அதால பெரிய கெடுதல் இல்லை. பொங்காம கரைஞ்சா உப்பு. நம்ம பக்கம் பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும்.

தண்ணி விஷயத்தில் என் கருத்து, ரெண்டையும் கலந்து எல்லாச் செடிக்கும் பொதுவா ஊத்தாதீங்க. பாதிக்குப் பாதி கலந்தா 1100 வரும். அது தக்காளிக்கு ஆகும், ஆனா நாற்றுக்கும் பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கிக்கும் அதுவே அதிகம். அந்த 15 லிட்டரை முதல்ல நாற்றுக்கும் முளைப்புக்கும் கொடுங்க, அடுத்து மிளகாய், கத்தரி, தக்காளிக்கு. போர் தண்ணியைத் தாங்குற பயிருக்குத் தனியா ஊத்துங்க: கொத்தவரை, காராமணி, பருப்புக்கீரை, முளைச்சுப் பதினைந்து நாள் ஆன பீட்ரூட், பாலக். கொத்தவரை உப்பைத் தாங்குறதில் காய்கறிகளிலேயே முன்னணி. பீன்ஸ் அதுக்கு நேர் எதிர். நம்ம மாடியில் பீன்ஸ் வரலைன்னா விதை மேல பழி போட வேண்டாம், காரணம் தண்ணி.

வீட்டில் ஏசி இருந்தா அதன் வடிநீரைப் பிடிங்க. அது காத்திலிருந்து குளிர்ந்து விழுற தண்ணி, உப்பு கிட்டத்தட்ட இல்லை. புழுக்கமான நாளில் ஒரு இரவுக்கு 5 லிட்டருக்குக் குறையாது. வீட்டு ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணியை மட்டும் தொடாதீங்க. உள்ள போற தண்ணியின் உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்து வரும். வீணாப் போகுதேன்னு செடிக்கு ஊத்துறவங்க நிறையப் பேர்.

இன்னும் ரெண்டு விஷயம். பைக்கு அடியில் தட்டு வெச்சிருந்தா எடுத்துடுங்க, வழிஞ்ச உப்புத் தண்ணியை மண் திரும்ப உறிஞ்சிக்கும். போர் தண்ணியை இலை மேல படுற மாதிரி பூவாளியில் ஊத்தாதீங்க, இலை வழியாவும் உப்பு ஏறும்.

—

கீரைப்பாத்தி (பெரம்பூர்)
புரட்டாசி 8, இரவு

செடி செடியா சொல்றேன்.

அவரையைத் தொடாதீங்க! நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறைஞ்சாத்தான் பூக்கும். ஆடியில் போட்டது கார்த்திகையில் பூ வெச்சு மார்கழி, தை முழுக்கக் காய்க்கும். இந்த நேரத்தில் “பூக்கலையே”ன்னு உரத்தைக் கொட்டினா கொடிதான் இன்னும் ஓடும், பூ தள்ளிப் போகும். பூங்கொத்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) எதுவும் வேண்டாம். மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவெச்ச கரைசல்) வேண்டாம்.

மஞ்சள் நரம்பு வெண்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்புது, குணமாகாது. இன்னைக்கே அந்தச் செடியை வேரோட எடுத்து ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்க, உரக்குழியில் வேண்டாம். மத்த ரெண்டு செடியில் காய் வர்ற வரைக்கும் பறிச்சுட்டு ஐப்பசி பிறந்ததும் எடுத்துடலாம். வெண்டைக்கு அடுத்த நல்ல பருவம் தை கடைசி, மாசி.

மிளகாய் மேல் பக்கம் சுருண்டா இலைப்பேன். கீழ் பக்கம் சுருண்டு இலைக்காம்பு நீண்டா மஞ்சள் சிலந்தி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. வெள்ளைத்தாளை நுனிக் கொழுந்துக்கு அடியில் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டுங்க. மஞ்சளா, மெலிசா, கீறல் மாதிரி நகர்ந்தா இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். முதல்ல எண்ணெயையும் சோப்பையும் தனியா குழைச்சு, பால் மாதிரி ஆனப்புறம் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும். இதுக்கு மெட்ரோ வாட்டர்தான். போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது, எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும், அதை அடிச்சா ஒரு இலைக்கு வெறும் தண்ணி, அடுத்த இலைக்கு வெறும் எண்ணெய்னு விழுந்து மறுநாள் வெயிலில் பொசுங்கும். மருந்து கேக்கலைன்னு சொல்றவங்களில் பாதிப் பேர் பண்ற தப்பு இதுதான். சாயங்காலம் 5 மணிக்கு மேல, இலையின் அடிப்பக்கம் நனையணும், 5 நாளைக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை. சிலந்தின்னு தெரிஞ்சா நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனா வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிக்கக் கூடாது, இலை கருகிடும்.

தக்காளிப் பூ உதிர்றதுக்கு உப்பு மட்டும் காரணம் இல்லை. ராத்திரி வெப்பம் 24 டிகிரிக்கு மேல இருந்தா தக்காளியில் மகரந்தம் சரியா வேலை செய்யாது. சென்னையில் புரட்டாசி ராத்திரி 25, 26 இருக்கும். மார்கழி, தையில்தான் 20, 21-க்கு இறங்கும். அதனால இங்க தக்காளி பூக்க வேண்டிய காலம் மார்கழி. விதைப் பொட்டலத்தில் ஆடிப்பட்டம்னு போட்டிருக்கேன்னு நட்டா, பூக்குற நேரத்தில் ராத்திரிப் புழுக்கம், காய்க்குற நேரத்தில் அடைமழை. கத்தரி, அவரை, மிளகாய்க்கு ஆடி சரி. தக்காளிக்கு ஐப்பசியில் நாற்று விட்டுக் கார்த்திகையில் நடுறதுதான் நம்ம கடலோரத்துக்கு ஒத்துவரும். இருக்கிற ஆறில் இலை பச்சையா இருக்கிற ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துடுங்க.

கணக்கு இப்படி வெச்சுக்கோங்க. ஐப்பசி 5-லிருந்து 10-க்குள்ள தக்காளி, காலிஃபிளவர், முட்டைகோஸ், நூக்கல் நாலையும் 98 குழி இருக்கிற நாற்றுத்தட்டில் போடுங்க. குழிக்கு ஒரு விதை, விதையின் தடிமனைப் போல ரெண்டு மடங்கு ஆழம், அதுக்கு மேல போனா மழை ஈரத்தில் அழுகும். காலிஃபிளவர் வாங்கும்போது வெப்பத்தைத் தாங்குற குறுகிய காலக் கலப்பின ரகம்னு கேட்டு வாங்குங்க. குளிர்ப்பகுதி ரகம் இங்க இலையாவே நிக்கும், பூ கட்டாது. 25 நாள் நாற்று, கார்த்திகை முதல் வாரத்துக்கு மேல நடவு, 12 அங்குலப் பைக்கு ஒரே செடி. நாற்று 35 நாளைத் தாண்டிக் குழியில் முடங்கினா, காலிஃபிளவர் பூ எலுமிச்சை அளவிலேயே விரிஞ்சுடும்.

நேரடியா விதைக்கிறது எல்லாம் கார்த்திகை ரெண்டாம் வாரத்துக்கு மேல. முள்ளங்கியில் பூசா சேட்கி சூட்டைத் தாங்கும், 45 நாளில் பிடுங்கலாம், விட்டா நெட்டி ஆகும். பீட்ரூட் விதை பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் உள்ள ரெண்டு மூணு இருக்கும். 8 மணி நேரம் ஊறவெச்சுப் போட்டு, முளைச்சதும் இடத்துக்கு ஒண்ணு விட்டு மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுங்க. இழுத்துப் பிடுங்கினா பக்கத்து வேரும் ஆடும். கொத்தமல்லியை ரெண்டா உடைச்சுப் போடணும். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் போடலாம், மாசியில் போட்டா சீக்கிரமே பூவுக்குப் போயிடும்.

கீரைப் பையில் அரைக்கீரை, சிறுகீரையை ஐப்பசியில் திறந்த வெளியில் விதைக்க வேண்டாம். கடுகைவிடச் சின்ன விதை, ஒரே மழையில் ஒரு மூலைக்கு ஒதுங்கிடும். இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம் வர்றதும் இந்த ஈரத்தில்தான். அந்த நாலு பையை மழை முடியுற வரைக்கும் சும்மா விடுங்க.

—

தண்டையார்பேட்டை மாடி
புரட்டாசி 10, காலை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அளந்துட்டேன். தக்காளிப் பை அடியில் வந்த தண்ணி 5200, கத்தரி 4700, கீரைப் பை 3900. படிவில் எலுமிச்சை விட்டதும் லேசா நுரை வந்தது, மிச்சம் கரைஞ்சுடுச்சு. தாளில் தட்டினதில் மஞ்சள் கீறல் மாதிரி நகர்ந்தது, இலைப்பேன்தான். ஏசி தண்ணி தினம் 7 லிட்டர் கிடைக்குது, மீட்டரில் 28.

இப்போ மூணு சந்தேகம். 5200-ஐ மழை மட்டும் கழுவிடுமா, ஜிப்சம் போடணுமா? தக்காளி அடி கறுக்கிறதுக்கு முட்டை ஓடு பொடிச்சுப் போடச் சொல்றாங்க, போடலாமா? காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம்கிறதால மீன் கழிவு நிறையக் கிடைக்குது, மீன் அமிலம் எப்படிப் போடணும், எப்போ?

—

உப்புக்காத்து (திருவொற்றியூர்)
புரட்டாசி 10, மதியம்

5200 அதிகம்தான், ஆனா மீட்டுடலாம். கணக்கு சொல்றேன். 12 அங்குலப் பையில் சுமார் 20 லிட்டர் கலவை இருக்கு. உப்பில்லாத தண்ணி அதே 20 லிட்டர் மெதுவா இறங்கினா உப்பில் பெரும்பகுதி வெளியே போயிடும். அந்தப் பையின் வாய் 0.07 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு பையில் 7 லிட்டர் விழும். அப்போ 300 மில்லிமீட்டர் மழை ஒரு முழுக் கழுவல். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நல்லபடியா இருந்தா அதைத் தாண்டியே பெய்யும். ஒரே நாளில் கொட்டுற 150-ஐ விட, விட்டு விட்டுப் பெய்ற மழை நல்லாக் கழுவும். கொட்டுற மழையில் தண்ணி பக்கவாட்டில் வழிஞ்சு ஓடிடும்.

அதனால ஐப்பசி முதல் நாளுக்குள்ள, எடுக்கப்போற தக்காளி, வெண்டைப் பைகளைக் காலி பண்ணுங்க. மேல அரை அங்குலம் படிவோட சுரண்டி வெளியே எடுத்துடுங்க, உள்ள கலக்க வேண்டாம். அடுத்த நாலு அங்குலத்தைக் கைக்கரண்டியால கிளறி விடுங்க. ஜிப்சம் பைக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், இந்த நேரத்தில் கலந்தா போதும். ஜிப்சம் தானா உப்பை அழிக்காது. மண்ணைப் பிடிச்சிருக்கிற சோடியத்தை அதில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) வெளியே தள்ளும், தள்ளினதை அடிச்சுக்கிட்டுப் போக மழை வேணும். மழை இல்லாத மாசத்தில் ஜிப்சம் போடுறது வீண். இன்னொண்ணு, ஜிப்சம் கரைஞ்சு முடியுற வரைக்கும் வடியுற தண்ணியில் மீட்டர் 1000-க்கு மேலதான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. முதல் 100 மில்லிமீட்டர் மழை போனப்புறம் அளங்க. 1000-க்குக் கீழ இறங்கினா பை தயார்.

கழுவுற மழை சத்தையும் சேர்த்துத்தான் கழுவும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) போயிடும். அதனால மழைக்கு முன்னாடி உரம் போட்டுப் பையை நிரப்பி வைக்காதீங்க. பை தயாரானதும், அதாவது கார்த்திகை முதல் வாரம், பைக்கு 1 கிலோ மண்புழு உரம், 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேர் நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சைத் தூள்) கலந்து 10 நாள் ஆறவிட்டு நடுங்க. புண்ணாக்கு போட்ட கையோட நட்டா அது புளிக்கிற சூட்டில் இளவேர் வெந்துடும்.

கத்தரி, மிளகாய், அவரைப் பைகளில் செடி நிக்குது. அங்க மழை தானா கழுவும், ஆனா வாரத்துக்கு ரெண்டு மழை பெஞ்சா 10 நாளைக்கு ஒரு தடவை பைக்கு ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் மேல தூவிக் கிளறணும். இல்லைன்னா அடி இலை வெளிறும்.

முட்டை ஓடு வேண்டாம். தக்காளி அடி கறுக்கிறது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால. மண்ணில் அது இல்லாததால இல்லை. உங்க போர் தண்ணியிலேயே சுண்ணாம்பு இருக்கு, எலுமிச்சைக்கு நுரைச்சது அதுதான். வேர்ப்பகுதியில் உப்பு மிகுந்தா செடியால தண்ணியை இழுக்க முடியாது, சுண்ணாம்புச்சத்து தண்ணியோடதான் ஏறும், கூடவே சோடியமும் அதை மறிக்கும். ஒருநாள் காய விட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தினாலும் இதே நிலைதான். முட்டை ஓடு காரத்தன்மை உள்ள மண்ணில் வருஷக்கணக்காக் கரையாது. அடுப்புச் சாம்பலும் போடாதீங்க, அது உப்பும் காரமும் சேர்ந்தது. பொட்டாஷ் வாங்கினா சல்பேட் வகை வாங்குங்க, சாதாரண சிவப்புப் பொட்டாஷ் குளோரைடு.

தண்ணிக்கணக்கு: மெட்ரோ 15, ஏசி 7, மீதி 8 லிட்டர் போர். எல்லாத்தையும் கலந்தாலே 660-தான் வருது. 1900-லிருந்து 660. நான் சொன்ன மாதிரி பிரிச்சு ஊத்தினா இன்னும் நல்லது. மெட்ரோ வாட்டரையும் லாரித் தண்ணியையும் வாய் அகன்ற வாளியில் ஒரு ராத்திரி திறந்து வெச்சு ஊத்துங்க. குளோரின் நெடி போகாம டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் கலந்தா அந்த நுண்ணுயிர் செத்துப் போகும்.

மழைநீரையும் விடாதீங்க. மாடியில் 100 சதுர அடியில் 50 மில்லிமீட்டர் பெஞ்சா 460 லிட்டர். முதல் பத்து நிமிஷத் தண்ணியில் தளத்தில் படிஞ்ச தூசும் உப்பும் வரும், அதைப் போக விட்டுட்டு 200 லிட்டர் டிரம்மில் பிடிங்க. வாயைக் கொசுவலையால இறுக்கிக் கட்டணும், டெங்குக் கொசு முட்டையிடுறது இந்த மாதிரி நல்ல தண்ணியில்தான். தை மாச நாற்றுக்கு அது போதும்.

—

வலைக்காரத் தெரு (காசிமேடு)
புரட்டாசி 10, இரவு

மீன் அமிலம் பத்திக் கேட்டிருந்தீங்க தம்பி. நம்ம பகுதிக் கழிவில் ஒரு விஷயம் கவனிக்கணும். குடல், செவுள், தலை மட்டும் வாங்குங்க, கருவாட்டுக் கழிவு ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது. ஏற்கெனவே 5200 இருக்கிற பையில் கருவாட்டு உப்பு போனா அவ்வளவுதான். பச்சை மீன் கழிவா இருந்தாலும் கடல் தண்ணியும் ஐஸ் தண்ணியும் ஒட்டியிருக்கும், மெட்ரோ வாட்டரில் ரெண்டு தடவை அலசி, கூடையில் 15 நிமிஷம் வடிய விடுங்க.

2 கிலோ கழிவுக்கு 2 கிலோ வெல்லம், எடைக்கு எடை. வெல்லத்தைத் தூளாக்கி, 6 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் வெல்லம், மேல மீன், திரும்ப வெல்லம்னு அடுக்கி, கடைசி அடுக்கு வெல்லமா முடிக்கணும். தண்ணி ஒரு சொட்டு வேண்டாம். கால் பங்கு காலி இடம் விடுங்க. மூடியை இறுக்கி நிழலில் வைங்க, முதல் பத்து நாள் தினம் ஒரு தடவை மூடியைத் தளர்த்திக் காத்தை விட்டு மூடணும், இல்லைன்னா டப்பா உப்பி வெடிச்சுடும். 25 நாளில் மீன் கரைஞ்சு தேன் பதத்தில் இறங்கும். பழம் புளிச்ச வாடை வரணும். அழுகல் நாத்தம் வந்தா வெல்லம் பத்தலைன்னு அர்த்தம், முதல் வாரத்திலேயே தெரிஞ்சா இன்னும் அரைக் கிலோ சேர்த்துக் காப்பாத்தலாம். துணியில் வடிகட்டி வெச்சா ஆறு மாசம் தாங்கும்.

வேருக்கு லிட்டருக்கு 10 மில்லி, இலைக்கு 5 மில்லி, 15 நாளுக்கு ஒரு தடவை. இப்போ போட்டு வெச்சா கார்த்திகை நடவுக்குச் சரியா இருக்கும். நட்டு 15 நாள் கழிச்சு ஆரம்பிங்க, தக்காளியில் முதல் பூங்கொத்து தெரிஞ்சதும் நிறுத்துங்க, காலிஃபிளவரில் நடுவில் மொட்டு தெரியுற வரைக்கும் கொடுக்கலாம். மழை நாளில் ஊத்தினா எல்லாம் வடிகாலுக்குத்தான். வேருக்கு ஊத்தின கையோட ஒரு பிடி மண்ணோ மட்கோ மேல தூவிடுங்க, இல்லைன்னா ராத்திரி பூனையும் பெருச்சாளியும் பையைக் கிழிச்சு வெச்சிருக்கும்.

அடுத்த கோடைக்கும் வேணும்னா பங்குனிக்குள்ள போட்டு வெச்சுடுங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, கழிவு கிடைக்கிறது கஷ்டம்.

—

செங்கல் சுருக்கி (ராயபுரம்)
புரட்டாசி 11, காலை

செடியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். தளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நனைந்த 12 அங்குலப் பை சுமார் 22 கிலோ, 15-க்கு 15 பை 45 கிலோ. ஆட்கள் ஏறக்கூடிய கான்கிரீட் மொட்டை மாடிக்கு வழக்கமாக எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதில் நடமாடும் ஆள், தண்ணீர் டிரம் எல்லாமே அடங்கும். ஆகவே சதுர மீட்டருக்கு 12 அங்குலப் பை நான்குக்கு மேல் வேண்டாம். 200 லிட்டர் டிரம்மை நடுத்தளத்தில் வைக்கவே கூடாது. கீழே சுவர் அல்லது உத்திரம் ஓடும் இடத்துக்கு மேலே, கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள். ராயபுரம், மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளில் மரவாரை (மர உத்திரம்) போட்டு அதன் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் பையே வேண்டாம். ஈரம் இறங்கி மரம் உளுத்துப்போவது கீழே இருந்து பார்த்தால் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பைகளை நேராகத் தரையில் வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் மூன்று செங்கல் துண்டு வைத்து இரண்டு அங்குலம் தூக்குங்கள். அடி ஓட்டை தளத்தோடு ஒட்டிக்கொண்டால் மழையில் பை கிணறு மாதிரி நிற்கும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பென்சில் பருமனுக்கு நான்கு ஓட்டை கூடுதலாகப் போடுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் சல்லடை, அதைச் சுற்றி ஒரு பிடி முக்கால் அங்குல ஜல்லி. கோகோபீட் கரைந்து வந்து குழாயை அடைத்துத் தளத்தில் தண்ணீர் தேங்குவதுதான் மழைக்கால மாடித்தோட்டத்தில் முதல் ஆபத்து.

புயலுக்கும் தயாராக இருங்கள். 2016 வர்தா டிசம்பர் 12-இல் கரை கடந்தது, 2023 மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம். இரண்டுமே கார்த்திகை. எச்சரிக்கை வந்ததும் நிழல் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள், அது பாய்மரம் மாதிரி இழுக்கும். பைகளை மாடிப்படிச் சுவரின் காற்று மறைவான பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி, ஆனால் ஒரே இடத்தில் குவிக்காமல், வரிசையாக வையுங்கள். கொடி அவரையை மட்டும் அப்படியே விட்டு, பந்தல் கால்களை இரும்புக் கம்பியால் கைப்பிடிச் சுவரில் கட்டுங்கள்.

—

கீரைப்பாத்தி (பெரம்பூர்)
புரட்டாசி 11, மதியம்

இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். புயல் கார்த்திகையில் வருதுன்னா நாற்று நாலில் ஒரு பங்கு கூடுதலா வளர்த்து வெச்சுக்கோங்க. நட்டது போனா மறுபடி நட்டுக்கலாம், விதையிலிருந்து திரும்ப ஆரம்பிச்சா பருவம் போயிடும்.

குழித்தட்டை மட்டும் மழைக்கு மூடணும். ஆனா தார்ப்பாய் இல்லை, வெளிச்சம் வர்ற கண்ணாடித்தாள். அரையங்குல பிவிசி பைப்பை வில்லா வளைச்சு ஒன்றரை அடி உயரத்தில் கூடாரம், ரெண்டு முனையும் திறந்திருக்கணும். முழுக்க மூடினா உள்ள புழுங்கி, ராத்திரி நல்லா நின்ன நாற்று காலையில் தண்டு அடியில் நூல் மாதிரி இளைச்சு சாய்ஞ்சு கிடக்கும். அதுதான் நாற்றழுகல். வந்த குழிகளைச் சுற்றி ரெண்டு வரிசையோட எடுத்துடுங்க, மத்ததுக்குச் சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு ஊத்துங்க. முன்கூட்டியே விதைப்பு நாளில் ஒரு தடவை ஊத்தினா பெரும்பாலும் வராது.

அப்புறம் கலவை. கோகோபீட் பாதி என்பது நம்ம பக்கத்துக்கு ரொம்ப அதிகம். கழுவாத கோகோபீட்டே உப்புதான். மேல மழை ஒரு வாரம் விடாம பெஞ்சா அது பஞ்சு மாதிரி நின்னு வேர் மூச்சு முட்டும். காலியாகிற பைகளில் கோகோபீட்டைக் கால் பங்குக்குக் குறைச்சு, செம்மண்ணும் மட்கின மாட்டு எருவும் ஏத்துங்க.

—

உப்புக்காத்து (திருவொற்றியூர்)
புரட்டாசி 11, இரவு

கோகோபீட்டில் நான் கொஞ்சம் மாறுபடுறேன். மழைக்கு நீங்க சொல்றது சரி, ஆனா சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளத்துச் சூட்டில் செம்மண் தூக்கலா இருக்கிற பை காலையில் நனைச்சா ரெண்டு மணிக்கே காஞ்சு இறுகும். காஞ்சா உப்பு இன்னும் கெட்டிப்படும். சுமையும் கூடும், ராயபுரத்து அண்ணா சொன்ன 22 கிலோ 30-ஐத் தொடும். மூணில் ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கின எருன்னு வெச்சா ரெண்டு காலத்துக்கும் ஓடும். முக்கியம் கழுவுறது. 5 கிலோ கட்டியை 25 லிட்டர் மெட்ரோ வாட்டரிலோ மழைத் தண்ணியிலோ ஊறவெச்சுப் பிழிஞ்சு, பிழிஞ்ச தண்ணியை அளங்க. தேநீர் நிறம் போகுதான்னு பார்க்காதீங்க, நிறத்துக்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்லை. மீட்டர் 500-க்குக் கீழ வர்ற வரைக்கும் தண்ணி மாத்துங்க, வழக்கமா மூணு தடவை.

செம்மண் எங்கிருந்து வருதுன்னு கேட்டு வாங்குங்க. கடற்கரை மணல் கலந்தது வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டின தெருக்களில் 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணெய் ஏறின இடத்து மண்ணும் காய்கறிக்கு வேண்டாம். செங்குன்றத்துக்கு மேற்கே இருந்து வர்ற செம்மண் போதும்.

—

தண்டையார்பேட்டை மாடி
புரட்டாசி 12, காலை

எல்லாரும் சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன். மூணு பங்கு கலவைக்கே போறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. மார்கழியில் அவரை இலையிலும் புடலை இலையிலும் மாவு தெளிச்ச மாதிரி வெள்ளை வருதே, அதுக்கு முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

—

கீரைப்பாத்தி (பெரம்பூர்)
புரட்டாசி 12, மதியம்

அது சாம்பல் நோய். பகல் காஞ்ச வெயில், ராத்திரி பனி, அந்த ரெண்டும் சேர்ந்த மார்கழி, தையில்தான் வரும். கார்த்திகை கடைசியிலேயே அடி இலையில் மூணில் ஒரு பங்கைக் கிள்ளிக் காத்தோட்டம் விடுங்க. நடுவில் ஒரு கை நுழைஞ்சு வரணும். முதல் வெள்ளைப் புள்ளி, காசு அளவுக்கு, ஏதாவது ஒரு முதிர்ந்த இலையின் மேல்பக்கம் தெரியும். அந்த இலையைக் கிள்ளிட்டு, பசும்பால் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு கலந்து காலை வெயில் ஏறும்போது இலை நனைய அடிங்க, வாரத்துக்கு ஒரு தடவை. வெயில் படணும், அப்போதான் பால் வேலை செய்யும். பாதி இலை வெளுத்தப்புறம் பால் கேக்காது. அப்போ நனையும் கந்தகத்தூள் 2 கிராம், சாயங்காலம். பூ விரியுற காலை நேரத்தில் கந்தகம் அடிக்காதீங்க, தேனீ வர்ற நேரம்.

புடலையைக் கார்த்திகையில் புதுசா போட வேண்டாம். தை கடைசியில் போட்டா பங்குனி, சித்திரையில் காய் பறிக்கலாம்.